தெருவிளக்குக்கு வைத்த கையெழுத்து

என்னுடைய சமையலறை மேசையில் இருந்து, என்னுடைய பேனையால்தான் நான் அந்தப் பட்டியலில் கையெழுத்து வைத்தேன். யாரும் மிரட்டவில்லை. பட்டியலைக் கொண்டு வந்தவர்களுக்குத் தேநீரும் வடையும் கொடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் இவள் மறைத்துவிட்டாள் என்று சொல்லக்கூடாது.

லைப்சிக்கிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் வந்தால் எங்கள் சிறுநகரம். கணவருக்கு இங்கே ஒரு களஞ்சியசாலையில் வேலை கிடைத்ததால் ஜெர்மனியின் மேற்குப் பக்கத்திலிருந்து குடிவந்தோம். நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். மகள் லைப்சிக்கில் தங்கிப் படிக்கிறாள். ஊரில் தமிழ்க் குடும்பம் என்றால் நாங்கள் மட்டும்தான். எத்தனையோ வருடம் எங்களை ஒருவரும் கவனிக்காமல் நிம்மதியாக இருந்தோம். கவனிக்காமல் விடுவதையே அன்பு என்று எடுத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறோம் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அவர்கள் வந்தது மெதுவாகத்தான். அவர்களுடைய அமைப்புக்கு ஒரு பெயர் உண்டு. அதை நான் எழுதப்போவதில்லை. அவர்களுக்கு விளம்பரம் செய்வது என் வேலையல்ல. முதலில் பஸ் தரிப்பிடத்தில் ஸ்டிக்கர்கள் ஒட்டினார்கள். வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்றின் படம், கீழே இந்த மண் எங்களுடையது என்று ஒரு வரி. நான் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், நல்ல பசை, வரவில்லை. பிறகு சிறுவர் விளையாட்டுத் திடலைத் துப்புரவாக்கினார்கள். பனி கொட்டிய காலத்தில் தனியாக இருக்கும் வயதானவர்களின் வாசலை வழித்துக் கொடுத்தார்கள். கோடையில் தொத்திறைச்சி சுட்டுப் பெரிய விழா வைத்தார்கள், இளைஞர்களுக்குக் குத்துச்சண்டை பழக்கினார்கள். "அவங்களாவது ஏதோ செய்கிறாங்களே" என்று என்னோடு வேலை செய்கிற பெண்களே சொன்னார்கள். அந்த விழாவில்தான் வெள்ளை இனத்தை அழிக்கச் சதி நடக்கிறது, வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்ப வேண்டும் என்று அச்சடித்த தாளையும் கொடுத்தார்கள். தொத்திறைச்சியைச் சாப்பிட்ட கையோடு சனம் அந்தத் தாளையும் வாங்கி மடித்துப் பைக்குள் வைத்ததை நான் கண்ணால் கண்டேன்.

அதற்குப் பிறகு ஊர் மாறியது. துருக்கிக்காரரின் உணவுக்கடைக் கண்ணாடி மூன்று முறை உடைந்தது. மூன்றாம் முறையோடு அவர் கடையைப் பூட்டிக்கொண்டு பிராங்பேர்ட்டுக்குப் போய்விட்டார். மருந்துக்கடைப் பெண் என்னைக் கண்டால் கணினியைப் பார்க்கத் தொடங்கினாள். என்னுடைய முதியோர் இல்லத்தில் ஒரு அம்மாவின் மருமகள் வந்து, இனிமேல் தன் மாமியை ஒரு ஜெர்மன்காரிதான் குளிப்பாட்ட வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டாள். ஆறு வருடமாக அந்த அம்மாவின் பல்செட்டைக் கழுவியது இந்தக் கைதான். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த அம்மாவே, "அவளை விட்டால் நான் குளிக்கவே மாட்டேன்" என்று அடம்பிடித்ததால் விஷயம் அதோடு நின்றது.

ஒரு சனிக்கிழமை முற்பகல் கதவு மணி அடித்தது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். வாசலில் இரண்டு பேர். ஒருவர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர், இஸ்திரி போட்ட சட்டை, கையில் கோப்பு. மற்றவர் இன்னும் இளையவர். எங்கள் குடும்பப் பெயரைப் பிழையில்லாமல் உச்சரித்து வணக்கம் சொன்னார்கள். இந்த நாட்டில் அதை ஒரே தடவையில் உச்சரித்தவர்களை நான் அதுவரை கண்டதில்லை. எனக்கு அங்கேயே பாதி மனம் இளகிவிட்டது. நம் தெருவில் விளக்குகள் போதாது, நீங்கள் வேலை முடிந்து இருட்டில் நடந்து வருகிறீர்கள், தெருவின் பாதுகாப்புக்காக நகரசபைக்குக் கொடுக்கக் கையெழுத்துச் சேர்க்கிறோம் என்றார்கள்.

வந்தவர்களை வாசலில் நிற்கவைத்துப் பேசி அனுப்புவது எங்களுக்குப் பழக்கமில்லை. உள்ளே கூப்பிட்டேன். பால் தேநீர் ஊற்றினேன், காலையில் சுட்ட வடை இருந்தது. இஸ்திரிச் சட்டைக்காரர் இரண்டு கோப்பை குடித்தார். பிறகு தாளை நீட்டினார். மேல்பாதி மடித்திருந்தது. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து கண்ணாடிக்குப் பின்னால் இருந்து எந்த அலுவலர் தாள் நீட்டினாலும் "எங்கே வைக்கிறது?" என்று மட்டும் கேட்டுப் பழகியவள் நான். அன்ராக் என்ற விண்ணப்பம் என்றாலும் டெர்மின் என்ற சந்திப்பு நேரம் என்றாலும், வாசித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னால் எங்கே விசாவை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் வாசிக்காமலே வைத்து ஊறிய கை. குடியுரிமை கிடைத்த பிறகும் அந்தக் கை திருந்தவில்லை. மடித்த பகுதியை விரித்துப் பார்க்கவில்லை. ஒரு வரிக்குள் அடங்காத என் நீண்ட பெயரை இரண்டு வரியில் எழுதி ஒப்பமிட்டேன்.

இரண்டு கிழமை கழித்துத் தபால்பெட்டியில் துண்டுப்பிரசுரம் கிடந்தது. அந்த வார இறுதிக்கு வந்திருந்த மகள்தான் எடுத்து வாசித்தாள். வாசித்துக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தினாள்.

"அம்மா, மூடின பள்ளிக்கூடத்தில அகதிகளுக்கு ஹைம் வரப்போகுதாம். வரக்கூடாது எண்டு இவங்கள் கையெழுத்து வாங்கியிருக்கிறாங்கள். எங்கட தெருவில வெளிநாட்டுக்காரரே வைச்சிருக்கினமாம். எங்கட தெருவில வெளிநாட்டுக்காரர் ஆர் அம்மா?"

ஹைம் என்று நாங்கள் சொல்லும் அந்த அகதி விடுதியில் நான் நான்கு வருடம் இருந்திருக்கிறேன். பதினொரு குடும்பத்துக்கு ஒரு சமையலறை. என் கணவரை நான் முதன்முதலில் கண்டதே அங்கே, அடுப்புக்கு வரிசையில் நின்றபோது. அப்படியொரு கதவை இனி வருகிறவர்களின் முகத்தில் சாத்துவதற்கு என்னுடைய பெயரையே ஆப்பாகச் செருகியிருக்கிறார்கள். என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

மாலை கணவர் வந்ததும் சொன்னேன். அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், "நீர் ஏன் இதைப் பெரிசாக்கிறீர்? ரெண்டு கிழமையில எல்லாரும் மறந்துபோவினம். பேசாமல் இரும்" என்றார்.

நான் பேசாமல் இருக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை சந்தைச் சதுக்கத்தில் அவர்கள் போட்டிருந்த மேசைக்கு முன்னால் போய் நின்றேன். அதே இஸ்திரிச் சட்டைக்காரர் இருந்தார். என்னைக் கண்டதும் சிரித்து, தேநீர் மிகவும் நன்றாக இருந்தது என்றார்.

"என் பெயரை வெட்டுங்கள்" என்றேன்.

பட்டியல் ஏற்கெனவே நகரசபை அலுவலகத்துக்குப் போய்விட்டது, வைத்த கையெழுத்து வைத்ததுதான் என்றார். தெருவிளக்கு என்று சொல்லித்தானே வாங்கினீர்கள் என்று கேட்டேன். விளக்கும் பாதுகாப்புத்தானே, ஹைம் வராமல் தடுப்பதும் பாதுகாப்புத்தானே என்றார். சிரிப்பு மாறவேயில்லை. உருளைக்கிழங்கு வாங்க நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி, "இந்த மனுசன் என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு என்னிடம் பொய் சொன்னவர்" என்று ஜெர்மனில் கத்தினேன். மூன்று தடவை கத்தினேன். இரண்டு பேர் மேசையிலிருந்து எடுத்த தாளைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை நகரசபை அலுவலகம். மகள் எழுதித் தந்த கடிதத்தை அங்கே இருந்த பெண்ணிடம் கொடுத்தேன். நல்ல பெண். பட்டியலை எடுத்து, மற்றவர்களின் பெயர் எனக்குத் தெரியக்கூடாது என்று மேலேயும் கீழேயும் வெள்ளைத் தாள் வைத்து மறைத்து, என் வரியை மட்டும் காட்டினாள். ஆம், இதுதான் என்றேன். சிவப்புப் பேனையால் கோடு போட்டாள். பிறகு பக்கங்களைப் புரட்டிக்கொண்டே, சட்டத்தை மறந்து, சாதாரணமாகக் கேட்டாள்.

"இதே விலாசத்தில் இன்னொரு பெயரும் இருக்கிறதே, அதையும் வெட்டுவதா?"

அது என் கணவருடைய பெயர். எனக்கு நான்கு நாள் முந்தி வைத்திருந்தார். என் குடும்பப் பெயரை அவர்கள் அவ்வளவு அழகாக உச்சரித்தது எப்படி என்று அப்போது விளங்கியது.

"இல்லை, அதை அவரே வந்து கேட்பார்" என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

"ஓம், வைச்சனான். வாசிச்சுப்போட்டுத்தான் வைச்சனான்."

"ஏன் வைச்சனீங்கள்?"

"நாங்கள் வந்து உழைச்சுச் சாப்பிட்ட ஆக்கள். இப்ப வாற ஆக்களால எங்கட பேரும் கெடுது. அவங்கள் எங்களைச் சொல்லேல்லை, உவையளைத்தான் சொல்லுறாங்கள்."

"நாங்கள் வந்தபோதும் இதைத்தானே சொன்னவங்கள். நீங்கள் அடுப்புக்கு லைனில நிண்டது மறந்துபோச்சோ? உங்களுக்கும் உவையளுக்கும் வித்தியாசம் பார்க்க அந்தச் சட்டைக்காரன் உங்கட விசாவையே பார்க்கப்போறான்? முகத்தைத்தான் பார்ப்பான்."

நகரசபை அலுவலகம் ஒன்பது மணிக்குத் திறக்கும் என்று மட்டும் சொன்னேன். அவர் போகவில்லை. ஒரு கிழமை நாங்கள் இரண்டு பேரும் சோற்றுக்கும் கறிக்கும் மட்டும் வாய் திறந்தோம். அநியாயத்துக்கு ஒத்துப்போகிற மனிதர் அல்ல அவர். களஞ்சியத்தில் ஒரு போலந்துக்காரனை அநியாயமாக வேலையிலிருந்து நிறுத்தியபோது மேலாளரிடம் நேரே போய்க் கேட்டவர். அதனால்தான் எனக்குக் கோபம் கூடியது.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு, மூடின பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி மண்டபத்தில் ஊர்க்கூட்டம். ஹைம் அமைப்பது பற்றி மக்கள் கேள்வி கேட்கலாம் என்று நகரசபை அறிவித்திருந்தது. உண்மையில் மாவட்ட நிர்வாகம் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டது, கூட்டம் சும்மா பேருக்குத்தான். இன்றைக்கு அங்கே குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களைக் கொண்டு வந்தது நான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் என் பெயர் வெட்டுப்பட்ட செய்தியை ஊர் கேட்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. கணவர் காரில் கொண்டுபோய் விட்டார். காருக்குள் இருக்கிறேன் என்றவர், என்ன நினைத்தாரோ, உள்ளே வந்து பின் சுவரோடு நின்றார்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன் இரண்டு வரிசையும் அவர்கள்தான். சட்டைக்காரர் எழும்பி, கையெழுத்துகளைப் பற்றிப் பேசினார். வெளிநாட்டுக்காரர்களே நம்முடன் நிற்கிறார்கள் என்றார். கைதட்டினார்கள். நான் கையை உயர்த்தினேன். ஒலிவாங்கி என்னிடம் வரும்வரை கையைக் கீழே போடவில்லை.

"அந்த வெளிநாட்டுக்காரி நான்தான்" என்றேன். "தெருவிளக்கு என்று பொய் சொல்லி வாங்கினார்கள். என் பெயரை வெட்டிவிட்டேன். நான் நான்கு வருடம் ஹைமில் இருந்தவள். அங்கேயிருந்து வந்துதான் உங்கள் அம்மாக்களைக் குளிப்பாட்டுகிறேன். நாளைக்கும் குளிப்பாட்டுவேன். எங்கேயும் போகமாட்டேன்."

முன் வரிசையில் விசில் அடித்தார்கள். மேடையில் இருந்தவர் அமைதி என்றார். சட்டைக்காரர் அவசரப்படாமல் எழும்பினார். அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

"இந்த அம்மாவுக்கு விளங்காமல் போயிருக்கலாம். ஆனால் இவருடைய கணவர் முழுவதும் வாசித்துவிட்டுத்தான் வைத்தார். அதோ, பின்னால் நிற்கிறார். அவரிடமே கேளுங்கள்."

மண்டபம் முழுக்கத் திரும்பியது. நான் திரும்பவில்லை. வெட்கத்தில் என் காது சுட்டது. அவர் வெளியே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போயிருந்தால் அந்த வீட்டில் அவரோடு நான் எப்படி இருந்திருப்பேனோ, இன்றுவரை தெரியாது. கதவுச் சத்தம் கேட்கவில்லை. அவருடைய குரல் கேட்டது. ஒலிவாங்கி இல்லாமல், களஞ்சியத்தில் இயந்திரச் சத்தத்துக்கு மேலால் பேசிப் பழகிய குரல்.

"உண்மை. வாசித்துத்தான் வைத்தேன். சந்தையில் நாலு பேர் என்னைச் சுற்றி நின்று கேட்டீர்கள். என் மகள் எந்த ரயிலில் வருகிறாள் என்று சொல்லிச் சிரித்தீர்கள். உங்களுக்குப் பயந்துதான் வைத்தேன்."

எனக்கு அதுவரை தெரியாது. சட்டைக்காரரின் சிரிப்பு முதன்முறையாக நின்றது. ஒருவரும் விசில் அடிக்கவில்லை. முன் வரிசைக்குப் பின்னால் இருந்த ஒரு கிழவர் தன் கதிரையைச் சத்தமாக இழுத்து அவர்களை விட்டுத் தள்ளிப் போட்டார்.

கணவர் நடந்து வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சரியாச் சொன்னனானோ?" என்று தமிழில் கேட்டார்.

"ஓம்," என்றேன். "எல்லாருக்கும் கேட்டது."