இரண்டும் சேர்ந்தால்

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு, மைக்ராஸ்கோப்பில் குனிந்தபடி திட்டிக்கொண்டிருக்கிறார் டீச்சர். "சொன்ன பேச்சக் கேக்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டீங்களா? செத்துத் தொலைங்களேண்டி!" பிளாஸ்டிக் தட்டின் சின்னச் சின்னக் குழிகளில் வளர்பவை கணையப் புற்றுநோய்ச் செல்கள். உயிருள்ளவை அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். செத்தவை உருண்டு மிதக்கும். இப்படி அதட்டுவதால் ஆய்வகத்தில் அவருக்கு 'டீச்சர்' என்றே பெயர்.

அடுத்த மேசை என்னுடையது. குழிகளில் மருந்து விடும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். கேண்டீனில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, ஏதோ ஞாபகம் வந்து, சாப்பிடாமலே எழுந்து போய்விடுவார்.

அவர் வாய்விட்டுச் சிரித்தது ஒரே ஒரு நாள். இரண்டு மருந்துகளைத் தனித்தனியாகக் கொடுத்தபோது மசியாத செல்கள், அவற்றைச் சேர்த்து விட்டதும் கூண்டோடு மிதந்தன. "வாங்க, வந்து பாருங்க! பேருக்குக்கூட ஒண்ணு மிச்சமில்ல!" என்று எங்கள் கையைப் பிடித்து இழுத்துப் போனார். அன்றே தம்பிக்கும் போன் செய்தார். பஸ் டிரைவரான அந்தத் தம்பிக்கும் இதே நோய். ஆஸ்பத்திரியில் கொடுத்துவந்த மருந்துகள் கேட்காமல் போயிருந்தன.

பிறகு அதே கலவையை நல்ல கல்லீரல் செல்களில் விட்டுப் பார்த்தார். அவையும் மிதந்தன. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "திருடனப் பிடிக்கச் சொன்னா, வீட்டையே கொளுத்திட்டு வந்து நிக்குது." அளவைக் குறைத்தார். நல்லவை பிழைத்தன, கூடவே கெட்டவையும் பிழைத்துக்கொண்டன. இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு இருக்காதா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

போன ஞாயிறு அவரோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தம்பி பாதி ஆளாக இளைத்துக் கட்டிலில் கிடந்தார்.

"எப்பக்கா எனக்கு அதப் போடப் போற?"

"அது இன்னும் மருந்தே ஆகலடா. உன் கல்லீரல் தாங்காது."

"இப்ப மட்டும் எல்லாம் தாங்குதாக்கும்! எப்படியும் பிரேக் புடிக்காத வண்டிதானக்கா இது. தட்டுல பாக்கறத என்மேல பாத்துடேன்."

சட்டைக் கையை மேலே சுருட்டி, எலும்பும் தோலுமான கையை அக்காவிடம் நீட்டினார்.

டீச்சர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சுருட்டிய துணியை மடிப்பு மடிப்பாகப் பிரித்து, மணிக்கட்டு வரை இறக்கிவிட்டு, பொத்தானைப் போட்டார்.