அம்மணி ஒட்டிய பூச்சித் தட்டி

சேலத்து மலைமேல், கரடியூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் முப்பத்தொரு வருஷமாகக் காப்பிக்கொட்டை பொறுக்குகிறாள் அம்மணி. முறத்தில் கொட்டையைப் பரப்பினால் போதும், கறுத்தது ஒரு பக்கம், உடைந்தது ஒரு பக்கம், பூச்சி துளைத்தது ஒரு பக்கம் என்று அவள் விரல்கள் தாமாகப் பிரித்துவிடும். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அந்த ஐந்து வருஷமும் ஒரு நாள்கூட மட்டம் போடாமல் படித்ததால், அது மற்றவர்களுடைய பத்தாம் வகுப்புக்குக் குறையாது என்பது அவள் மதிப்பீடு. அவளுக்குப் பெருமை இரண்டு. ஓட்டை விழுந்த கொட்டை ஒன்றுகூட அவள் கையைத் தாண்டி மூட்டைக்குள் போனதில்லை என்பது ஒன்று. தம்பி சித்தன் மற்றொன்று.

சித்தன் மலைமேல் ஒண்டிக்கடை ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டுகிறான். வெள்ளைக் கார். ஒருவர் ஓட்டி விற்றதை வாங்கியதுதான், ஆனாலும் சொந்தக் கார். அந்தக் குடும்பத்தில் நாலு சக்கரத்துக்குச் சொந்தக்காரன் ஆன முதல் ஆள் அவன். எஸ்டேட்டில் யாராவது அம்மணியிடம் மணி என்ன என்று கேட்டால், "என்ற தம்பி சேலத்துக்கு வண்டி எடுக்கற நேரமுங்க" என்றுதான் பதில் வரும். கேட்டவர்கள் அப்புறம் வேறு யாரிடமாவது போய் மணி கேட்டுக்கொள்வார்கள்.

அந்த வைகாசியில் சிக்கல் வந்தது. கோடை மழை ஓய்ந்த சாயங்காலங்களில் மலைப்பாதை முழுக்க ஈசல் பறந்தது. மலைமேல் லாட்ஜ் ஒன்றுக்காக, சேலம் ஜங்ஷனில் ரயிலைவிட்டு இறங்கும் விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி லாட்ஜ் வாசலில் நிற்கும்போது சித்தனின் காருக்கு முகமே இருப்பதில்லை. இறக்கையும் கூழும்தான் இருந்தன. லாட்ஜ் மேனேஜர் மரியா இரண்டு தடவை சாடையாகச் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை நேராகவே சொல்லிவிட்டார்.

"சித்தன், வர்றவங்க உங்க வண்டியப் பாத்துட்டு லாட்ஜும் இப்படித்தான் இருக்கும்னு நெனைச்சுக்கறாங்க. சனிக்கிழமை சென்னையில இருந்து ரெண்டு பேர் வர்றாங்க. அன்னிக்கும் வண்டி இப்படி வந்து நின்னா, அடுத்த நாள்ல இருந்து உங்க ஸ்டாண்டு வெங்கடேஷ் வண்டியக் கூப்பிட்டுக்குவேன். கோவிச்சுக்காதீங்க."

லாட்ஜ் சவாரி போனால் பாதிப் பிழைப்பு போயிற்று. வழியில் எங்காவது நிறுத்தி ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போகலாம் என்று சித்தனுக்குத் தோன்றியது. அக்கா ஒப்பவில்லை.

"தொடைக்கறது கிளீனரு சோலி. நீ ஓனரு. பூச்சி ஒட்டாமயே பண்ணோணும் சாமி."

மறுநாள் காலையில் காரைக் கழுவவிடாமல் தடுத்து, பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு முன்கண்ணாடியின் எதிரே உட்கார்ந்தாள். ஈசல், விட்டில், வண்டு, வகை தெரியாதது என நாலு கட்டம் போட்டு எண்ணினாள். வகை தெரியாத ஒன்றைத் தீப்பெட்டியில் எடுத்து வைத்தாள். இரண்டு மணி நேர ஆராய்ச்சியின் முடிவில், பூச்சிகள் முன்பக்கத்திலிருந்துதான் வருகின்றன என்பது உறுதியாயிற்று.

சித்தன் செல்போனில் ஒரு பொருளைக் காட்டினான். பானெட்டின் முன்விளிம்பில் நிற்கிற கறுப்புப் பிளாஸ்டிக் தகடு. எதிர்க்காற்றை மேலே தூக்கிவிடும். காற்றோடு பூச்சியும் கண்ணாடிக்கு மேலே போய்விடும். அதற்கு ஆங்கிலத்தில் நீளமான பேர் ஒன்று இருந்தது. அம்மணி அதைப் பூச்சித் தட்டி என்று பேர் வைத்து, சாயங்காலத்துக்குள் எஸ்டேட் லைன் வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை லீவு போட்டு இருவரும் சேலத்துக்கு இறங்கினார்கள். ஆரஞ்சுப் பெட்டி அட்டையில் பானெட்டின் வளைவை அப்படியே வெட்டி, அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தாள் அம்மணி. கடைக்காரர் செங்கோடன் இரண்டு வகையை எடுத்துப் போட்டார்.

"இது ஸ்குரூ போட்டு முடுக்கறதுங்க. அது ஒட்டறது. உங்க மலை ரோட்டுக்கு ஸ்குரூதான் நிக்கும். பானெட்டுல நாலே நாலு ஓட்டை போடோணும்."

"ஓட்டைங்களா?"

"சின்ன ஓட்டைதானுங்கக்கா."

"பூச்சி போடறதும் சின்ன ஓட்டைதானுங்க. அதத்தான் நானு முப்பத்தியொரு வருசமாப் பொறுக்கிக் கொட்டறேன். என்ற தம்பி வண்டியில ஓட்டை போட உடமாட்டேன். ஒட்டறதே குடுங்க."

ஒட்டுகிற வகையில் கடையில் ஏழு இருந்தன. ஏழையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அட்டை மேல் வைத்துப் பார்த்து, விரலால் ஓரம் தடவி, இரண்டு சரியில்லை, மூன்று பரவாயில்லை என்று பிரித்து வைத்தாள். மிச்சம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இன்னும் அரை மணி நேரம் ஆயிற்று. செங்கோடன் சித்தனின் காதோரம் வந்தார்.

"ஏனுங்க, உங்கக்கா என்ன பொண்ணா பாக்கறாங்க?"

"எனக்குப் பொண்ணு பாத்தப்பக்கூட இவ்வளவு நேரம் ஆகலீங்க."

பெட்டிக்குள் ஆங்கிலத்தில் ஒரு தாள் இருந்தது. எந்தத் தாளையும் தூக்கி எறியாதவள் அம்மணி. அதையும் நாலாக மடித்துச் சுருக்குப்பையில் பத்திரப்படுத்தினாள். அதைப் படிக்கச் சொல்லி யாரிடமாவது கொடுக்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. பொருள் கையில் இருக்கும்போது தாள் எதற்கு?

வெள்ளிக்கிழமை காலை, ராகு காலத்துக்கு முன்பே ஒட்டுவது என்று முடிவாயிற்று. ஈரத்துணியால் ஒரு தடவை, உலர்ந்த துணியால் ஒரு தடவை, தன் பழைய நூல் சேலைத் துண்டால் ஒரு தடவை பானெட்டைத் துடைத்தாள். அட்டையை வைத்து, தட்டியின் பசை நாடா வந்து உட்காரும் ஆறு இடங்களையும் பென்சிலால் குறித்தாள். இதுவரை செங்கோடனே வந்து பார்த்தாலும் குற்றம் சொல்ல முடியாத வேலை. பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். புதுப் பொருள் எதுவும் பொட்டு வைக்காமல் அந்த வீட்டில் ஏறியதில்லை. ஒரு குறிகூட விட்டுப்போகக் கூடாது என்று, ஆறு குறியின் மேலும் கெட்டியாகச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தாள்.

"ஏக்கா, அதுக்கு மேலயா ஒட்டறது?" என்றான் சித்தன்.

"அப்பறம்? பொட்டு ஒரு பக்கம், பொருளு ஒரு பக்கமா?"

அக்கா சொன்னால் சித்தனுக்கு மறுபேச்சு இல்லை. சந்தனத்தின் மேல் பசை நாடா உட்கார்ந்தது. நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுங்கியது. தட்டியின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்க அம்மணி சம்மதிக்கவில்லை. அது இருந்தால்தான் புதுசு மாதிரி இருக்குமாம்.

சனிக்கிழமை சாயங்காலம் அவளும் சேலத்துக்கு வந்தாள். முன்சீட்டில், மடியில் நோட்டோடு. தட்டியைத் துடைப்பதற்கென்றே மூன்று துணியும் ஒரு பாட்டில் தண்ணீரும் பையில் இருந்தன. ரயிலிலிருந்து இறங்கியவர்கள் ஒரு ரிடையரான ஆபீசரும் அவர் மனைவியும். இந்த அம்மா யார் என்று கேட்டதற்கு, "என்ற அக்காங்க. பூச்சி எண்ண வந்திருக்குது" என்றான் சித்தன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினார்கள்.

அடிவாரம் தாண்டி முதல் வளைவில் பூச்சி மூன்று. மூன்றாவது வளைவில் பதினொன்று. நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். ஏழாவது வளைவில் மேலேயிருந்து பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கியது. சித்தன் பிரேக்கை மிதித்தான். பூச்சித் தட்டி அவசரமே இல்லாமல் பானெட்டைவிட்டு வழுக்கி, ரோட்டில் விழுந்து, ஓரத்துக்குப் போய் மல்லாந்து கிடந்தது. பஸ் போய்விட்டது.

அம்மணி இறங்கி அதைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. பானெட்டில் ஆறு சந்தனப் பொட்டுகள், நாடாவின் தடம் பதிந்து, வரிசை பிசகாமல் இருந்தன. தடுக்க ஆளில்லாமல் ஈசல் கண்ணாடியில் வந்து விழுந்துகொண்டிருந்தது.

அவள் சுருக்குப்பையிலிருந்து தாளை எடுத்துப் பின்சீட்டில் நீட்டினாள். ஆபீசர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துச் சொன்னார்.

"ஒட்டற இடத்துல தூசி, எண்ணெய், பசை எதுவும் இருக்கக் கூடாதும்மா. இன்னொண்ணும் போட்டிருக்கான். வண்டி அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போனாத்தான் இது வேலை செய்யுமாம்."

"இந்த வளைவுல அறுபதுல போனா பூச்சியோட நாமளும் பறக்கோணுமுங்க" என்றான் சித்தன். அவன் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். "போச்சுக்கா. இனி வெங்கடேசு ஓட்டட்டும்."

அம்மணிக்கு எஸ்டேட்டில் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. தம்பியின் குரல் அதைவிட உறைத்தது.

"வண்டிய எடு சாமி. லாட்ஜுக்கு முந்துன திருப்பத்துல ஓரங்கட்டு."

அங்கே நின்றபோது கார் பார்க்கச் சகிக்கவில்லை. அம்மணி மூன்று துணிகளையும் எடுத்து இறங்கினாள். கூழை ஈரத்துணி வாங்கிக்கொண்டது. இறக்கைகளை அவள் விரல்கள் பொறுக்கின. முறத்தில் கொட்டை பொறுக்குகிற அதே விரல்கள், அதே வேகம். கண்ணாடி, விளக்கு, நம்பர் பிளேட்டின் இடுக்கு, எதிலும் ஒரு கால்கூட மிஞ்சவில்லை. ஆபீசரின் மனைவி இறங்கிவந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். எட்டு நிமிஷம் ஆயிற்று.

லாட்ஜ் வாசலில் மரியா காரைச் சுற்றி வந்தார். குனிந்து விளக்கைப் பார்த்தார்.

"பரவாயில்லையே சித்தன். தெனமும் இப்படியே வரட்டும். ஆமா, என்னமோ மாட்டியிருக்கறதாச் சொன்னாங்க, காணமே?"

சித்தன் அக்காவைப் பார்த்தான். அம்மணி வாயைத் திறந்தாள்.

"உள்ள பத்திரமா இருக்குதுங்கம்மா. புதுப் பொருளு. வெளிய வெச்சாப் பூச்சி பட்டு வீணாப் போயிருமில்லீங்க."

லாட்ஜ் சவாரி இன்றும் சித்தனிடம்தான் இருக்கிறது. தினமும் சாயங்காலம் அந்தத் திருப்பத்தில் எட்டு நிமிஷம் ஓரங்கட்டித் துடைக்கிறான். ஓனர் துடைத்தால் அது பராமரிப்பு என்று அம்மணி விளக்கம் சொல்லிவிட்டாள். பூச்சித் தட்டி அவள் வீட்டு பீரோவின் மேல், பிளாஸ்டிக் தாள் உரியாமல், சேலையில் சுற்றி இருக்கிறது. ஆயுத பூஜைக்கு இறக்கி, ஆறு இடத்தில் பொட்டு வைக்கிறாள். கூடப் பொறுக்குகிற கனகா போன வாரம் கேட்டாள்.

"ஏக்கா, அந்தத் தட்டியால பிரயோசனம் இருக்குதா?"

"அது வாங்குனதுல இருந்து என்ற தம்பி வண்டியில லாட்ஜு வாசல்ல ஒரு பூச்சி பாத்தவங்க உண்டா, சொல்லு" என்றாள் அம்மணி, முறத்திலிருந்து ஓட்டைக் கொட்டை ஒன்றை எடுத்து எறிந்தபடி.