சம்பந்தி வீட்டுக் குரோட்டன்ஸில் வந்த நத்தை

ஆம்பூரில் விலங்கியல் படித்தவர்களுக்கு வேலையே இல்லை என்று யார் சொன்னது? ஷூ பாக்டரியில் தோல் தரம் பார்க்கலாம். இது உண்ணி கடித்த தடம், இது முள் கீறிய தடம் என்று செத்த மாட்டின் வாழ்க்கை வரலாற்றை மேசையில் விரித்து வைத்துப் படிப்பதுதான் என் உத்தியோகம். உயிரோடு இருப்பவற்றைப் பார்க்கும் ஆசையைத் தெருவில்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். அதனால் பக்கத்து வீட்டுக் காலா மதில் மேல் தலையை நீட்டி, "ஏம்மா, நீ பூச்சி படிப்பு படிச்சவதானே?" என்று கேட்டபோது, பாதி இட்லியைத் தட்டிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

காலா என்றால் உருதுவில் சின்னம்மா. அவர் கணவரை நாங்கள் மாமு என்போம். அது தாய்மாமனைக் கூப்பிடுகிற சொல். முறைப்படி பார்த்தால் இருவரும் அண்ணன் தங்கை, இந்தக் கல்யாணமே நடந்திருக்கக் கூடாது. தெருவில் யாரும் அதைக் கேட்டதில்லை.

காலா என்னைக் கத்தரிப் பாத்திக்கு அழைத்துப் போனார். இலைகள் எல்லாம் சல்லடை. ஒரு செடியின் உச்சியில், என் உள்ளங்கை அளவுக்கு ஒரு நத்தை, விருந்துக்கு வந்த பெரிய மனிதர் மாதிரி நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"காலா! ஆப்பிரிக்க ராட்சத நத்தை!" என்று கத்தினேன். எனக்கு ஒரே சந்தோஷம்.

"அரே, சொந்தக்காரங்களப் பாத்த மாதிரி சிரிக்கிற! வெள்ளிக்கெழம எம் பையனுக்குப் பொண்ணு குடுக்கற சம்பந்தி வீட்டுக்காரங்க முதல்முதலா சாப்பிட வர்றாங்க. எங்க வீட்ல கத்திரிக்கா கடையில வாங்கறதே இல்ல, சொந்தத் தோட்டம்னு அந்தம்மாகிட்ட போன்ல சொல்லிட்டேன். ஒரு தடவ இல்ல, போன் பண்ணும்போதெல்லாம் சொல்லிட்டேன்."

பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள எண்ணெய்க் கத்தரிக்காய் இல்லாவிட்டால் எங்கள் ஊரில் அது விருந்தே இல்லை. காலாவின் மானம் அந்தப் பாத்தியில் காய்த்துக்கொண்டிருந்தது. நத்தை அதைத் தின்றுகொண்டிருந்தது.

இந்த நத்தை நம் மண்ணுக்குச் சொந்தமில்லை, யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்தது, நர்சரிச் செடிகளின் மண்ணில் முட்டையாக ஒளிந்து ஊர் ஊராகப் போகும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். "ஒவ்வொண்ணும் ஆணும் பொண்ணும் ரெண்டும்தான் காலா. வரதட்சணப் பேச்சே கிடையாது. முட்டை மட்டும் நூத்துக்கணக்குல. சமீபத்துல புதுச் செடி ஏதாவது வாங்கினீங்களா?"

காலா வாசல் பக்கம் பார்த்தார். அங்கே பச்சையும் சிவப்புமாக வரிசையாகக் குரோட்டன்ஸ் தொட்டிகள். நிச்சயத்தின்போது சம்பந்தி வீட்டார் அன்பளிப்பாகக் கொண்டுவந்தவை. ஒரு தொட்டியின் விளிம்பில் இரண்டு குட்டி நத்தைகள் கொம்பை நீட்டின.

"வாயத் திறந்த, அவ்ளோதான்" என்றார் காலா. "பொண்ணக் கட்டறதுக்கு முன்னாடியே, நீங்க குடுத்த செடியில பூச்சின்னு சொல்ல முடியுமா?"

அயல் உயிரினங்களைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் படித்திருக்கிறேன். சம்பந்தி மரியாதை அவற்றைக் காப்பாற்றும் என்று எதிலும் இல்லை.

என்னிடம் திட்டம் இருந்தது. ஈரச் சாக்கை விரித்து அடியில் பப்பாளி இலையை வைத்தால், வெயிலுக்குப் பயந்து நத்தைகள் அதற்குள் ஒதுங்கும். காலையில் உறை போட்ட கையால் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவிடலாம். இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது மாமு வந்து சேர்ந்தார். அவர் தோல் மண்டியில் பச்சைத் தோலுக்கு உப்புப் போடுகிறவர். சாக்கு, பப்பாளி இலை எதுவும் அவரை அசைக்கவில்லை. உப்பு என்றதும் நிமிர்ந்தார்.

"உப்புன்னா எங்கிட்ட விட்டுடு."

"மாமு, வாளியில மட்டும்தான்…"

"எத்தினி வருசமா உப்புப் போடறேன்! ஒரு தோலு கெட்டிருக்கா?"

மறுநாள் நான் வேலைக்குப் போய்விட்டேன். மாமு மண்டியிலிருந்து, தோலிலிருந்து தட்டி எடுத்த பழைய உப்பை மூட்டையாகக் கொண்டுவந்திருக்கிறார். பாத்தி முழுவதும் தோலுக்குப் போடுகிற மாதிரியே, கை மணிக்கட்டைச் சுழற்றி, ஒரு இடத்தில் ஜாஸ்தி ஒரு இடத்தில் கம்மி என்றில்லாமல் ஒரே சீராக இறைத்திருக்கிறார். நான் சாயங்காலம் வந்தபோது, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தன் வேலையை ரசித்துக்கொண்டிருந்தார். கெட்டுப்போகாமல் காப்பாற்றத்தானே உப்பு? தோலாக இருந்தால் அந்தக் கத்தரிச் செடிகள் இத்தாலிக்கே போயிருக்கும்.

முதலில் வந்தவை நாய்கள். மாட்டுத் தோல் வாசனை பிடித்து, ஆம்பூரில் இத்தனை நாய்கள் உண்டா என்று கேட்கும்படி வந்து, நக்கித் தோண்டி, சண்டை போட்டு, ஒன்றன் மேல் ஒன்று படுத்தே விட்டன. அப்புறம் புரட்டாசி மழை. உப்பு கரைந்து வேருக்கு இறங்கியது. விடிந்தபோது செடிகள் கருவாட்டுக் கடை மாதிரித் தொங்கின. நத்தைகளோ மழைக்கு முன்பே மதிலேறி, விருந்துக்காகப் புதிதாக அடித்த சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தன. அவற்றின் ஓட்டுக்குச் சுண்ணாம்பு நல்லது என்று நான் சொன்னேன். அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டாம்.

"பேஜார் புடிச்ச மனுசா!" என்று காலா மாமுவைப் பார்த்துக் கத்தினார். மாமு தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். ஆகியிருக்கவில்லை.

மிஞ்சியது சமையலறைச் சுவரோரம் பழைய பெயிண்ட் வாளியில் இருந்த ஒரே செடி. மாமுவுக்கு மூட்டை அதற்குள் தீர்ந்துபோயிருந்தது. அந்தச் செடிக்கு நான் காவல் இருந்தேன். பாக்டரிக்குப் பக்கத்துக் கையுறைக் கம்பெனியில் கழித்துப்போட்ட தோல் கையுறைகள் ஒரு பை கேட்டு வாங்கி வந்தேன். எல்லாமே இடது கை. ஈரச் சாக்கு வேலை செய்தது. காலையில் தூக்கினால் நத்தை மாநாடு. பொறுக்கிப் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லி எல்லோரையும் விரட்டினேன்.

வியாழக்கிழமை ஒரு செம்போத்து வந்தது. பாலாற்றுப் பக்கத்துச் சீமைக்கருவேலம் புதரில் இருக்கிற பறவை. அயல் மரத்தில் குடியிருந்துகொண்டு அயல் நத்தையைத் தின்னும் உள்ளூர்க்காரர். செங்கல் நிற இறக்கையோடு மதிலில் தத்தித் தத்தி நடந்து, ஒரு நத்தையைக் கொத்தி ஓட்டிலிருந்து உருவி விழுங்கியது.

"பாத்தீங்களா காலா! இயற்கையே கணக்கைச் சரி பண்ணுது!"

"ஒண்ணு தின்னிருக்கு" என்றார் காலா. "மீதிய நீ தின்றியா?"

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து சம்பந்தி வீட்டார் வந்தார்கள். வாளிச் செடிக் கத்தரிக்காயும், காலா என்னை முறைத்தபடியே முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்த மார்க்கெட் கத்தரிக்காயும் ஒரே சட்டியில் எண்ணெயில் மிதந்தன. சம்பந்தியம்மா ரசித்துச் சாப்பிட்டார். கை கழுவியதும் கேட்டார், "நாங்க குடுத்த செடி எப்டி இருக்கு? கத்திரித் தோட்டத்தையும் பாக்கணுமே."

தடுக்க வழியில்லை. எல்லோரும் வெளியே வந்தோம். செத்த பாத்தி வெள்ளையாகப் பூத்திருந்தது, நடுவில் ஒரு நாய் தூங்கியது. குரோட்டன்ஸ் உச்சியில் ஒரு பெரிய நத்தை, வந்தவர்களை வரவேற்பது போல் கொம்பை நீட்டியது.

சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "யா அல்லா. உங்க வீட்லயுமா?"

காலா என்னைப் பார்த்தார், நான் நத்தையைப் பார்த்தேன்.

"நர்சரியில எங்களுக்கும் சேத்துதான் வாங்கினோம்" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "கீரை, கொத்தமல்லி, ஒண்ணு பாக்கியில்ல. உங்களுக்கும் வந்திருக்குமோன்னு எனக்குத் தூக்கமே இல்ல. எப்டிக் கேக்கறதுன்னு…" அவர் பார்வை பாத்தியின் மேல் நின்றது. "இது… உப்பா?"

மாமு வானத்தைப் பார்த்தார்.

சம்பந்தியம்மா மெல்லத் திரும்பித் தன் கணவரைப் பார்த்தார். அவரும் தோல் வியாபாரிதான். அவரும் வானத்தைப் பார்த்தார்.

காலாதான் முதலில் சிரித்தார். பிறகு இரண்டு பெண்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, நாய் எழுந்து போகும்வரை சிரித்தார்கள். "கத்திரிக்கா பாதி கடையில வாங்கினது" என்று காலா கண்ணைத் துடைத்தபடி சொல்லிவிட்டார்.

"நீங்க எங்க வீட்டுக்கு வரும்போது முழுசும் கடைதான்" என்றார் சம்பந்தியம்மா.

கிளம்பும்போது தாம்பூலத்தோடு ஒரு பை கையுறையும் கொடுத்தோம். அவர் ஒன்றை அங்கேயே வலது கையில் மாட்டினார். கட்டைவிரல் தப்பான பக்கம் போய் வாழைப்பூ மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கையோடு குரோட்டன்ஸிலிருந்து நத்தையைப் பிடுங்கி, என் உப்புத் தண்ணீர் வாளிக்குள் போட்டு, "இது என் பங்கு" என்றார்.