படப்பையில் எஸ்தர் ஊதிய விசில்

ஞாயிறு பகல் ஒரு மணிக்குப் பீர்க்கன்கரணையிலிருந்து புறப்பட்டேன். என் மகள் எஸ்தர் கால்பந்து ரெஃப்ரி. நீ வராதேம்மா என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே போய்விட்டாள். நாடு முழுக்க நடக்கிற அமெச்சூர் நாக்-அவுட் போட்டி. தோற்ற அணி அன்றோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். போன சுற்றில் தோற்றவர்கள் அவளைச் சுற்றி வளைத்துச் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். இன்னொரு தரம் அப்படி நடந்தால் விசிலைத் தொடமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். அதுதான் மனசு கேட்கவில்லை.

தாம்பரத்துக்கு ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். மேற்குப் பக்கம் வந்து, போர்டை எழுத்துக் கூட்டிப் படித்துப் படப்பை பஸ்ஸில் ஏறினேன். பெண்களுக்கு டிக்கெட் இலவசம். முடிச்சூர், மண்ணிவாக்கம் தாண்டிப் போகவேண்டும். மைதானத்துக்கு வழி கேட்டபோது, பேரன் ஆடுகிறானா என்றார் கண்டக்டர். என் பெண்தான் ஆட்டத்தையே நடத்துகிறாள் என்றேன். மைதானத்து வாசலிலேயே இறக்கிவிட்டார்.

மூன்று மணிக்கு ஆட்டம். உள்ளூர்க்காரர்கள் நடுவில் இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவர் உள்ளூர் கோல்கீப்பரின் அப்பா. எஸ்தர் ஊதும்போதெல்லாம் முணுமுணுத்தார்.

"இன்னாக்கா இது, குக்கரே மூணு விசிலுல நிக்குது. இந்தம்மா ஊதிக்கினே கீது."

"வேகலன்னா இன்னும் ரெண்டு ஊதத்தான் வேணும்" என்றேன். நான் யாரென்று சொல்லவில்லை.

நேரம் முடிந்தும் ஆட்டம் சமன். பெனால்டிக்குப் போனது. எதிரணியின் கடைசி உதையை அவர் மகன் பாய்ந்து பிடித்தான். ஜெயித்தோம் என்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள். எஸ்தர் விசில் ஊதி, மறுபடி உதைக்கச் சொன்னாள். உதைக்கும் முன்பே கீப்பர் கோல் கோட்டைத் தாண்டி முன்னால் வந்துவிட்டானாம். இந்த முறை பந்து உள்ளே போய், மறுபடி சமன் ஆனது. அடுத்த உதையை உள்ளூர்ப் பையன் வெளியே அடிக்க, எதிரணி உள்ளே அடித்து ஜெயித்துவிட்டது.

கூட்டம் எஸ்தரை நோக்கி இறங்கியது. முன்னால் போனது அந்த அப்பாதான். பின்னாலேயே நானும் ஓடினேன். அதற்குள் கீப்பர் குறுக்கே வந்து நின்றான்.

"வுடுப்பா. ரெண்டு காலும் கோட்டுக்கு வெளிய வந்துட்சு, எனக்கே தெரியும். அக்கா குடுத்தது கரெக்ட்டு."

அப்பா நின்றுவிட்டார். பிறகு திரும்பி நடந்தார். மற்றவர்களும் கலைந்தார்கள்.

வீட்டில் கரப்பான் பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறுகிற பெண் அவள். அத்தனை ஆண்கள் வந்தபோது ஓர் அடி பின்னால் வைக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில், ஏன் வந்தாய் என்று அவள் கேட்கவில்லை. "அடுத்த ஞாயிறு ராஜகீழ்ப்பாக்கத்துல மேட்ச்" என்றாள். "வந்தா வெளியூர்க்காரங்க பக்கமா உக்காரும்மா. அவ்ளோ திட்டமாட்டாங்க."

எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் திட்டத்தான் போகிறார்கள், நீ ஊது என்றேன்.