மஞ்சள் பெட்டியை யாரும் படிப்பதில்லை

வீட்டில் அவளுக்குப் 'படிப்படி' என்று பட்டப்பெயர். வைத்தது அவளுடைய அக்கா. தண்ணீர் கேட்டால்கூட "முதல்ல டம்ளரை எடு, அப்புறம்..." என்று ஆரம்பிக்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? பகலில் அவளுக்கு வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றில் போனில் பதில் சொல்லும் வேலை. மெஷின் ஓடவில்லை என்று கத்துகிறவர்களிடம் பிளக் சொருகியிருக்கிறதா என்று கேட்பதும், சொருகவில்லை என்று தெரிந்தபின் அவர்கள் மனம் நோகாமல் போனை வைப்பதும் அவளுக்குக் கைவந்த கலை.

மாலையில் செய்வது சம்பளமில்லாத வேலை. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொண்டு, திறந்து பார்த்து, மாற்றியும் கொள்ளக்கூடிய இயங்குதளம், அதாவது கம்ப்யூட்டரை ஓட்டும் ஆப்பரேட்டிங் சிஸ்டம், ஒன்று உண்டு. கம்ப்யூட்டரைக் கரைத்துக் குடித்தவர்கள் சேர்ந்து செய்தது. கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அதைக் கம்ப்யூட்டரில் எப்படிப் போடுவது என்று அவர்கள் எழுதியிருந்த லட்சணம் இருக்கிறதே, 'அடுப்பை மூட்டு, விருந்து வை' என்கிற மாதிரி. நடுவில் என்ன செய்வது என்று கேட்டால், அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று பதில் வந்தது. எல்லோரும் என்றால் அவர்கள் ஏழெட்டுப் பேர். படிப்படிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. புதியவர்களுக்கான வழிகாட்டியை அவளே எழுத உட்கார்ந்துவிட்டாள்.

எழுதியதைச் சோதிக்க ஒரு முறை வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் என்றாலே ஒதுங்கிப் போகிறவர் யாரையாவது பிடித்து, பக்கத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். ஒரு வார்த்தை பேசக் கூடாது. சொல்லிக் கொடுத்தே பழகிய வாய் சும்மா இருக்குமா? அதனால் வாய் நிறையத் தண்ணீரை அடக்கிக்கொள்வாள்.

ஒரு விடுமுறை நாள் அத்தான் மாட்டினார். அக்காவின் கணவர், பஸ் டிரைவர். அக்காவின் எம்பிராய்டரி கடையில் இருந்த கம்ப்யூட்டர் ஆமையாக நகர்ந்துகொண்டிருந்தது. அக்கா வெளியே போயிருக்கும்போது புது சிஸ்டத்தைப் போட்டு அசத்திவிடலாம் என்பது அத்தானின் திட்டம். கடை திறந்த நாளிலிருந்து அக்கா வரைந்த பூவும் கொடியும் அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தன. அது படிப்படிக்குத் தெரியும். முன்னாலேயே நகல் எடுத்து வைத்திருக்கலாம். ஆனால் அதைச் செய்யச் சொல்லித்தான் வழிகாட்டிப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பெட்டி இருக்கிறதே! 'குறிப்பு' என்று தலைப்புப் போட்டு, நிறம் பார்த்துப் பார்த்து அவளே வைத்த பெட்டி.

அத்தான் வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். மஞ்சள் பெட்டி வந்ததும் விரல் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனது. திரும்பி வருவார் என்று காத்திருந்தாள். வரவில்லை. 'டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். தொடரலாமா?' என்று திரை கேட்டது.

"தொடராம பின்ன?" என்று அத்தான் மவுஸை நகர்த்தினார்.

படிப்படிக்கு வாய்த் தண்ணீரை விழுங்க நேரமில்லை. "நிறுத்துங்க!" என்றபோது தண்ணீர் முழுவதும் அத்தானின் கழுத்திலும் கீபோர்டிலும் இருந்தது.

"அந்தப் பெட்டியை ஏன் அத்தான் படிக்கல?"

"விளம்பரம்னு நினைச்சேன். குறிப்புன்னு வேற போட்டிருந்துச்சு. குறிப்பெல்லாம் யாரும்மா படிக்கிறா?" கழுத்தைத் துடைத்துக்கொண்டே இப்போது அதைப் படித்தார். முகம் வெளுத்துவிட்டது. "நல்லவேளை, நீ பின்னால இருந்து துப்பினே. மத்தவங்க வீட்டுல யாரு வந்து துப்புவா?"

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதற்குள் அக்கா வந்துவிட்டாள். ஈரக் கீபோர்டைப் பார்த்தாள், விவரம் எதையும் கேட்கவில்லை.

"இனி என் கம்ப்யூட்டர்ல யாராவது கை வச்சா கை இருக்காது. ரெண்டு பேரும் வெளியில போங்க!"

நகல் எடுக்கக்கூட அனுமதி கிடைக்கவில்லை. படிப்படி வீட்டுக்கு வந்து பெட்டியைத் தூக்கி எறிந்தாள். முதல் படியை இப்படி எழுதினாள்: 'இந்தக் கம்ப்யூட்டரில் எது போனால் அழுவீர்கள்? அதை முதலில் ஒரு காலிப் பென் டிரைவில் எடுங்கள். எடுத்ததை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் இதற்கு மேல் படிக்காதீர்கள்.' சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறது என்று கெட்டிக்காரர்களில் ஒருவர் சொன்னார். இருந்துவிட்டுப் போகட்டும் என்று வெளியிட்டுவிட்டாள்.

சில நாள் கழித்து, வாடிக்கையாளர் ஒருவர் போனில் கத்திக்கொண்டிருக்கும்போது அக்காவிடமிருந்து செய்தி வந்தது. 'இந்தச் சனியன் சுத்தமா நகரல. உன் பக்கத்தைப் பார்த்து நானே ஆரம்பிச்சுட்டேன். தொந்தரவு பண்ணாதே.'

வாடிக்கையாளரை எப்படி அனுப்பினாள் என்று அவளுக்கே தெரியாது. அக்காவை அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். அக்கா படித்தது எந்தப் பக்கம், பழையதா புதியதா? படித்தாளா, தாண்டினாளா? இப்போது அங்கே இருப்பது அவள் எழுதிய வரி மட்டும்தான். அது தாங்குமா? மறுபடி எண்ணை அழுத்தப் போனாள்.

போன் அடித்தது. அக்காதான்.

"ஏண்டி, முதல் படியிலயே நிக்கறேன். காலியா ஒரு பென் டிரைவ் வேணுமாமே, உன்கிட்ட இருக்கா?"

படிப்படி விசும்பினாள்.

"இல்லைன்னா இல்லைன்னு சொல்லு," என்றாள் அக்கா. "ஒரு பென் டிரைவுக்குப் போய் யாராவது அழுவாங்களா?"