குரல் இல்லாத பாட்டுக்கு வந்த பாராட்டு

நெத்கா அக்கா பல் செட் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறாள். எங்கள் ரூசே நகரில் பாதிப் பேர் தன் மகள் மெருகேற்றிய பல்லைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள் என்று என் பெரியப்பா பெருமையடிப்பார். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு ஒரு பையோடு நான் திரும்பி வந்தபோது, கூடத்து சோபாவை எனக்கு விட்டுக்கொடுத்தவள் அவள்தான். "எத்தனை நாள் இருப்பன்னு உன்னைக் கேக்க மாட்டேன். கேட்டா நாளைக்கே கிளம்பிடுவ" என்றாள். உண்மைதான்.

வேலைவிட்டு வந்ததும் சூப்பைச் சூடாக்கிக் குடித்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினி முன் உட்காருவாள். சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிறவர்கள் கூடும் ஓர் இணையதளம் அது. இசையே தொழிலாக உள்ளவர் யாரும் அங்கே இல்லை. தபால்காரர், கால்நடை மருத்துவர், வேலை தேடிக்கொண்டிருப்பவர் என்று நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள். தன் பாட்டைப் போடுவதற்கு முன் மற்றவர்கள் பாட்டைக் கேட்டுக் கருத்து எழுதியிருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் தன் பாட்டைப் போடும் அவசரத்தில் பலரும் தொடக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு, "அருமை, தொடருங்கள்" என்று எழுதி நகர்ந்துவிடுவார்கள், கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டுப் பந்திக்கு ஓடுவது போல.

அக்கா கடைசி வரை கேட்பாள். பிறகு ஜன்னலோரம் நின்று சூரியகாந்தி விதை கொறித்துவிட்டு, வந்து மறுபடி கேட்பாள். அப்புறம்தான் எழுதுவாள். 'எலுமிச்சைத் தோல்' என்பது அவள் அங்கே வைத்துக்கொண்ட பெயர். அந்தப் பெயரைக் கண்டாலே சிலர் பக்கத்தை மூடிவிடுவார்கள். விதீன் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஸ்த்ராஹில் என்பவர் ஒருமுறை கிதார் பாட்டு ஒன்றைப் போட்டிருந்தார். "பாட்டு ரொம்ப நேரம் கழிச்சுதான் ஆரம்பிக்குது. அதுவரைக்கும் நீங்க தைரியத்தை வரவழைச்சுக்கிட்டு இருக்கீங்க" என்று அக்கா எழுதினாள். அதன் பிறகு அவர் பாட்டே போடவில்லை. அது அவளை உறுத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எழுதியதை அழிக்கவில்லை.

தன்னுடைய பாட்டு எதையும் அவள் போட்டதில்லை. இந்த ஆண்டு போட வேண்டி வந்தது. அவள் பாடும் சேர்ந்திசைக் குழுவை நடத்தும் வெலிச்கா அம்மாள், இலையுதிர்கால நிகழ்ச்சிக்கு உள்ளூர்ப் பாட்டு ஒன்று வேண்டும், யாரிடமாவது இருந்தால் வியாழக்கிழமை ஒத்திகைக்குக் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தார். அக்காவிடம் ஒன்று இருந்தது. கீழே நிற்பவளை மாடியிலிருந்து ஒருத்தி கூப்பிட்டுக்கொண்டே துணி காயப்போடும் பாட்டு. கொடுப்பதா வேண்டாமா என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. எல்லோர் முன்னாலும் பாடவைத்து அது சரியில்லை என்றால், அதே குழுவில் அதே நாற்காலியில் இனி எப்படி உட்காருவது?

நான் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"நீ என் சோபால தூங்குற. நல்லா இல்லேன்னு சொல்லிடுவியா?"

ஆகவே தளத்தில் போட்டாள். அக்கார்டியனை வாசித்துப் பதிவு செய்திருந்தாள். பாட்டை, குளிர்காலக் கோட்டுகள் தொங்கும் அலமாரிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு பாடியிருந்தாள். அங்கேதான் தெரு இரைச்சல் விழாதாம்.

பாராட்டுகள் குவிந்தன. "மெட்டு மனசிலேயே நிக்குது" என்றார் ஒருவர். "குரல்ல என்ன ஒரு ஏக்கம்" என்றார் இன்னொருவர். அக்கா பட்டறையிலும் கைபேசியில் அவற்றைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறாள். வரும் வழியில் கேக் வாங்கி வந்தாள். குழுவுக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவாகிவிட்டது.

மறுநாள் மாலை நாங்கள் சமையலறையில் சுட்ட மிளகாய்க்குத் தோலுரித்துக்கொண்டிருந்தோம். கைபேசி ஒலித்தது. அவள் கையெல்லாம் பிசுக்கு. "யாருன்னு பாருடி" என்றாள்.

"ஸ்த்ராஹில்."

கத்தியைக் கீழே வைத்தாள். "படி."

படித்தேன். "ரெண்டு தடவை கேட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, தட்டு வெச்சு, விருந்தாளிக்காகக் காத்திருக்கிற மாதிரி இருக்கு. விருந்தாளி வரவே இல்லை. யாராவது பாடணுமா இதுல? வேணும்னே அப்படி வெச்சிருந்தா நீளம் அதிகம். இல்லேன்னா ஒரு தடவை சரிபாருங்க."

அக்கா கையைத் துடைத்தும் துடைக்காமலும் கணினிக்கு ஓடினாள். போட்ட பாட்டைத் திறந்து கேட்டாள். அக்கார்டியன் மட்டும் முதலிலிருந்து கடைசி வரை தனியாக ஓடியது.

விஷயம் இதுதான். தன் குரலைக் கேட்கவே அவளுக்குக் கூசும். அக்கார்டியனைத் திருத்தும்போதெல்லாம் குரல் பதிவான டிராக்கை மட்டும் ஒலிக்காதபடி மூடி வைத்துவிடுவாள். அன்றும் மூடியிருக்கிறாள். திறக்க மறந்து, அப்படியே சேமித்து ஏற்றிவிட்டாள். ஏற்றியதைத் திரும்பக் கேட்கவும் கூச்சம்.

"இல்லாத குரல்ல ஏக்கமாம்" என்றாள். முதலில் சிரித்தாள். பிறகு கேக்கை எடுத்து மூடி குளிர்பெட்டியில் வைத்தாள். "இப்ப என் பாட்டு நல்லதா கெட்டதான்னு யாருக்குமே தெரியாது. எனக்கும்தான்."

"ஒருத்தருக்குத் தெரியும். அவர்கிட்ட கேளு."

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுடி கேக்குறது?"

ஆனாலும், குரலை மூடியபடி ஏற்றிவிட்டேன், தவறு என்னுடையது என்று எழுதிவிட்டு முழுப் பாட்டையும் போட்டாள். ஏக்கத்தைப் பாராட்டியவர் சத்தமில்லாமல் தன் வரியை அழித்துவிட்டார். மற்றவர்கள் தங்களுக்கும் அப்போதே சந்தேகம் இருந்தது என்றார்கள். ஸ்த்ராஹிலிடமிருந்து பதில் புதன்கிழமை மாலைதான் வந்தது. பள்ளி நாட்களில் அவருக்கு ஓய்வு குறைவு போலிருக்கிறது.

"இப்ப விருந்தாளி வந்துட்டாங்க. ஆனா சீக்கிரமா வந்துட்டாங்க. அந்தக் குரல் இல்லாத பதிவைக் கேட்டதுனாலதான் அக்கார்டியன் தொடக்கத்துல சொல்றது எனக்குத் தெரிஞ்சுது. குரல் உடனே வந்து அதையே சொல்லுது. அதைக் கொஞ்சம் தனியா விடுங்க, அப்புறம் பாடுங்க. ரெண்டாவது சரணத்துல சொல்ல ஒண்ணுமில்லை, நல்லா இருக்கு. மூணாவது வேண்டாம்."

மூன்றாவது சரணம்தான் அவள் முதலில் எழுதியது. மாடியில் நிற்பவள் கீழே இறங்கி வரும் இடம்.

"பழி வாங்குறான் அந்த ஆளு" என்றாள். தட்டைக் கழுவும்போதும் முணுமுணுத்தாள். பிறகு ஹெட்போனை மாட்டினாள். அக்கார்டியனைத் தனியே ஓடவிட்டு, குரலைத் தள்ளி வைத்துக் கேட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தோள் மெல்ல இறங்கியது. அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டாள். மூன்றாவது சரணத்தை மட்டும் தொடவில்லை.

வியாழக்கிழமை ஒத்திகைக்கு நானும் போனேன். வெலிச்கா அம்மாள் முன்னுரை எதுவும் சொல்லாமல் அக்கா எழுதித் தந்த தாள்களைக் கொடுத்துப் பாடவைத்தார். அக்காவின் அக்கார்டியன் பதிவு தனியாக ஓடி முடிந்து பெண்களின் குரல்கள் சேர்ந்தபோது, பின்வரிசை ஆண்கள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள். இரண்டாவது சரணத்தில் மாடிக்காரி கூப்பிடுகிறாள், கீழிருந்து பதில் இல்லை. மூன்றாவது தொடங்கியது. அக்காவுக்குப் பக்கத்தில் நின்ற பெண் பையில் சாவியைத் துழாவினாள். யாரோ இருமினார்கள். மாடிக்காரி படி இறங்கிக்கொண்டே இருந்தாள்.

அக்கா கையைத் தூக்கினாள். "மேடம், மூணாவது வேண்டாம். அடிச்சிடுங்க."

"பிடிச்சுத்தானே எழுதியிருக்க, நெத்கா?"

"ஆமா. இருந்தாலும் அடிச்சிடுங்க."

எல்லோரும் பென்சிலால் அடித்தார்கள். மறுபடி முதலிலிருந்து பாடினார்கள். கூப்பிட்ட குரலோடு பாட்டு முடிந்தபோது, யாரும் உடனே தாளை மடிக்கவில்லை. நிகழ்ச்சியில் இது இருக்கட்டும் என்றார் வெலிச்கா அம்மாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஸ்த்ராஹிலின் பழைய கிதார் பாட்டைத் தேடி எடுத்தாள். கேட்டாள். ஜன்னலோரம் நின்று விதை கொறித்தாள். மறுபடி கேட்டாள். பழைய கருத்துக்குக் கீழே இப்படி எழுதினாள்: "திரும்பக் கேட்டேன். தொடக்கம் இன்னமும் நீளம்தான். ஆனா பாட ஆரம்பிக்கிறதுக்குச் சரியா முன்னாடி நீங்க மூச்சு இழுக்குற சத்தம் கேக்குது. அதை வெட்டிடாதீங்க. அன்னிக்கு நான் அதைக் கவனிக்கலை. என் மூணாவது சரணத்தை அடிச்சாச்சு."

கேக்கை வெளியே எடுத்து எனக்கும் ஒரு துண்டு வெட்டினாள். நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"புதுசா ஒண்ணு இருக்கு. போடட்டுமா?"

அக்கா விரலை நக்கிவிட்டுத் தட்டினாள்: "முதல்ல எல்லா டிராக்கையும் திறந்திருக்கான்னு பாருங்க. அப்புறம் போடுங்க."