எர்த் குழிக்கு நான் ஊத்தாத தண்ணி

கொழிஞ்சாம்பாறையில எங்க மாட்டுச்சாளையில சோளத்தட்டு வெட்டுற மிஷினுக்காக மூணு பேஸ் கரண்டு இழுத்தோம். வயரிங் செஞ்ச ராசு போகும்போது சொன்னான்: "கோடையில இந்த எர்த் குழிக்கு வாரம் ரெண்டு குடம் தண்ணி ஊத்தோணுமுங்கம்மா. வயர் மிஷின்ல எங்கயாச்சும் பட்டாலும் கரண்டு மண்ணுக்குள்ள போயிரும். குழி காஞ்சா மிஷின் மேலயே நிக்கும்."

"குடிக்கவே லாரித் தண்ணி. உன் கரண்டுக்கும் தாகமா?"ன்னு சிரிச்சேன். ஒரு சொட்டு ஊத்தலை.

பங்குனியில ஒரு நாள் காலையில, ஓடிக்கிட்டிருந்த மிஷின்ல உரசின சினை மாடு அப்படியே விழுந்து செத்துப்போச்சு. ஊரே கூடிடுச்சு. ராசு ஓடி வந்தான். "உன் வயரிங்தான்டா கொன்னுச்சு"ன்னு எல்லார் முன்னாலயும் கத்தினேன்.

அவன் குழி மூடியைத் தூக்கிக் கையை விட்டான். வெறும் புழுதி. எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, "ஊத்தலீங்களாம்மா?"ன்னான்.

"தினமும் ஊத்தறேன்"னு சத்தமாச் சொன்னேன்.

யாரும் எட்டிப் பாக்கறதுக்குள்ள அவன் மூடியைப் போட்டு மூடிட்டு, பையைத் தூக்கிக்கிட்டு நடந்துட்டான். அதுக்கப்புறம் இந்தப் பக்கம் யாரும் அவனை வேலைக்குக் கூப்பிடலை. இப்ப கஞ்சிக்கோட்டுல ஏதோ கம்பெனியில மூட்டை தூக்கறானாம்.

அன்னைக்கு அங்க நின்னவங்க முகத்தைப் பாத்துச் சொல்ல இன்னும் எனக்கு வாய் வரலை. அதான் எழுத்துக்கூட்டி இதை எழுதறேன். ராசு மேல ஒரு தப்பும் இல்லை.